வண்டியை அங்கேயே வித்துட்டு வந்துடலாமா?

ரோட் ட்ரிப் பத்தி இந்த பாட்காஸ்ட்ல எந்த எபிசோடு வந்தாலும், கேள்விப் பெட்டியில ஒரு கேள்வி தவறாம வந்துடுதாம். "இங்கேருந்து வண்டியைக் கப்பல்ல ஏத்தி, நாலு நாடு ஓட்டிட்டு, கடைசி ஊர்ல வித்துட்டு, கையை வீசிக்கிட்டு ஃப்ளைட்ல வந்துடலாமே? திருப்பிக் கொண்டு வர்ற செலவு மிச்சம்தானே?"

கேட்க நியாயமாத்தான் இருக்கு. வண்டி என்னோடது. காசு போட்டு நான் வாங்கினேன். ஆர்.சி. புக்கில என் பேர் இருக்கு. வாங்க ஒருத்தர் ரெடி, விக்க நான் ரெடி. நடுவுல யாருக்கு என்ன?

நடுவுல ஒருத்தர் இருக்கார். அவரைப் பத்தித்தான் இன்னிக்குப் பேசப்போறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் உலகம் சுத்தினவன் கிடையாது. ஆம்பூர்ல ஷூ ஏற்றுமதி பண்ற ஒரு கம்பெனியில டாகுமென்டேஷன் பார்க்கறவன். ஷிப்பிங் பில், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், டிராபேக் இதெல்லாம்தான் என் உலகம். எங்க பக்கத்துல ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டைன்னு எந்த ஊரை எடுத்தாலும், தெருவுக்கு ஒருத்தராவது தோல் சம்பந்தப்பட்ட வேலையில இருப்பாங்க. சரக்கு எப்படி நாட்டை விட்டு வெளியே போகுது, போன சரக்கு எப்படித் திரும்பி வருதுங்கறது எங்களுக்கு வீட்டுப் பேச்சு மாதிரி. அதனாலதான், வண்டியோட வெளிநாடு போகணும்னு ஆசைப்படற பசங்க ரூட் கேட்க யூடியூபர்கிட்ட போறாங்க, பேப்பர் கேட்க என்கிட்ட வர்றாங்க.

ஷூவில ஏன் ஓட்டை போடறோம்?

ஒரு ஷூவிலேருந்து ஆரம்பிக்கலாம்.

இத்தாலியில மிலான் நகரத்துல தோலுக்கு லினியாபெல்லே, காலணிக்கு மிக்காம்னு பெரிய கண்காட்சிகள் நடக்குது. எங்க பக்கத்துக் கம்பெனிகள் அங்க சாம்பிள் எடுத்துட்டுப் போவாங்க. அந்த ஷூவை அங்கேயே காசுக்குக் கொடுத்தா என்ன ஆகும்? அந்த நாட்டுச் சுங்கத்துறை, "நீ காட்டறதுக்குன்னு சொல்லித்தானே வரி கட்டாம உள்ளே கொண்டு வந்தே? இப்போ விக்கறியே?"ன்னு கேட்கும். அதனாலதான் சில நாடுகளுக்குச் சாம்பிள் அனுப்பும்போது ஷூவில ஓட்டை போட்டு அனுப்பற வழக்கம் இருக்கு. ஓட்டை போட்டா அது சாம்பிள். போடலைன்னா அது சரக்கு.

ஓட்டை போட முடியாத விலை உயர்ந்த சரக்குக்கு இன்னொரு வழி இருக்கு. ஏ.டி.ஏ. கார்னெட். இது 1961-ல வந்த ஒரு சர்வதேச ஒப்பந்தத்தின்படி நடக்கிற ஏற்பாடு. இந்தியாவுல ஃபிக்கி, அதாவது இந்திய வணிகத் தொழில் கூட்டமைப்பு, இதைக் கொடுக்குது. "இந்தப் பொருள் உங்க நாட்டுக்குள்ள வருது, கண்காட்சி முடிஞ்சதும் வெளியே போயிடும். போகலைன்னா வரிக்கு நாங்க பொறுப்பு"ன்னு எழுதிக் கொடுக்கிற உத்தரவாதம்தான் அது. கார்னெட்ங்கறது பிரெஞ்சு வார்த்தை. சின்ன நோட்டுப் புத்தகம்னு அர்த்தம்.

இப்போ அந்த ஷூ இருக்கிற இடத்துல உங்க ஜீப்பை வெச்சுப் பாருங்க. விஷயம் அவ்வளவுதான்.

நீங்க வண்டியோட ஒரு நாட்டு எல்லைக்குப் போய் நிக்கும்போது, உங்களுக்கு அது வண்டி. எல்லையில சீல் கையில வெச்சிருக்கிறவருக்கு அது வரி கட்டாம உள்ளே வர்ற ஒரு சரக்கு. சக்கரம் இருக்கிற சரக்கு. நீங்க டூரிஸ்ட்டுங்கறதால, திரும்பி எடுத்துட்டுப் போயிடுவீங்கங்கற நம்பிக்கையில வரியைக் கேட்காம விடறாங்க. அந்த நம்பிக்கைக்கு ஒரு ஜாமீன் வேணும்.

அந்த மஞ்சப் பையில இருக்கிற புத்தகம்

அந்த ஜாமீன்தான் கார்னெட் டி பாசாஜ். வண்டிகளுக்கான கார்னெட். 1954-ல நியூயார்க்ல கையெழுத்தான ஐ.நா. சுங்க ஒப்பந்தம் இதுக்கு அடிப்படை. ஒவ்வொரு நாட்டிலயும் ஒரு ஆட்டோமொபைல் சங்கம் இதைக் கொடுக்கும். நம்ம பசங்க பெரும்பாலும் தேடிப் போறது மும்பையில இருக்கிற வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷனை.

புத்தகத்தைத் திறந்தா ஒவ்வொரு பக்கமும் மூணு துண்டா இருக்கும். ஒரு நாட்டுக்குள்ள நுழையும்போது ஒரு துண்டைக் கிழிச்சு வெச்சுப்பாங்க. வெளியே போகும்போது இன்னொரு துண்டைக் கிழிப்பாங்க. மூணாவது துண்டு புத்தகத்திலேயே இருக்கும். அதுல வந்ததுக்கு ஒரு சீல், போனதுக்கு ஒரு சீல். ரெண்டு சீலும் இருந்தா அந்த நாட்டோட கணக்கு முடிஞ்சது. வந்த சீல் இருந்து போன சீல் இல்லைன்னா, அந்த நாட்டுப் பதிவுல உங்க வண்டி இன்னும் உள்ளேதான் இருக்கு. நீங்க ஊர்ல உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கிட்டு இருந்தாலும்.

இந்தப் புத்தகத்தைச் சும்மா கொடுக்க மாட்டாங்க. வண்டி மதிப்பு, போகப்போற நாடு ரெண்டையும் பார்த்து டெபாசிட்டோ பேங்க் கேரன்டியோ கேட்பாங்க. சில நாடுகளுக்கு அது வண்டி விலையைப் போல பல மடங்கு. ஏன்னா அந்த நாட்டு இறக்குமதி வரி அவ்வளவு. புத்தகம் ஒரு வருஷம் செல்லும். அதுக்குள்ள வண்டி திரும்பணும், எல்லா சீலும் விழுந்த புத்தகத்தைச் சங்கத்துக்கிட்ட ஒப்படைக்கணும். அப்போதான் பணம் திரும்ப வரும்.

பயணம் முடிஞ்சா வண்டியும் நம்ம ஞாபகத்துலேருந்து முடிஞ்சு போயிடும்னு நினைக்கிறோம். வண்டி எங்கேயோ ஒரு மண்ணுல நின்னுக்கிட்டேதான் இருக்கும். 1955 செப்டம்பர்ல ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 6 பேர் ரெண்டு லேண்ட் ரோவர்ல லண்டன்லேருந்து கிளம்பி, இந்தியா, பர்மா வழியா 1956 மார்ச்ல சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தாங்க. அதுல ஆக்ஸ்ஃபோர்டுன்னு பேர் வெச்ச வண்டி, பின்னாடி வேற ஒரு ஆராய்ச்சிப் பயணத்துக்குப் போய், கடைசியில அட்லாண்டிக் நடுவுல இருக்கிற செயின்ட் ஹெலினா தீவுல போய்ப் பல வருஷம் கிடந்தது. 2017-லதான் அதை இங்கிலாந்துக்குக் கொண்டு வந்தாங்க. ரிப்பேர் பண்ணி, 2019-ல சிங்கப்பூர்லேருந்து லண்டனுக்கு ஓட்டிட்டும் போனாங்க. நம்ம வண்டியைத் தேடிப் போய் யாரும் அப்படி எடுத்துட்டு வரப்போறதில்ல. நாமதான் கொண்டு வரணும்.

துபாய்லேருந்து வந்த போன்

இப்போ நடந்த கதைக்கு வர்றேன். என் ஸ்கூல் ஃப்ரெண்டு ஒருத்தன். பேர் வேண்டாம். பேரணாம்பட்டுல அவங்களுக்குத் தோல் வியாபாரம். ஒரு டி.என். 23 நம்பர் ஜீப் வெச்சிருந்தான். சாலை வழியா உம்ரா போகணும்கறது அவனுக்கு ரொம்ப நாள் கனவு. மும்பை நவ சேவாவுல வண்டியைக் கன்டெய்னர்ல ஏத்தி, துபாய் ஜெபல் அலியில இறக்கி, ஓமன் சுத்தி, சவுதி போய், மக்கா, மதீனா பார்த்துட்டுத் திரும்ப துபாய் வந்துட்டான். கிட்டத்தட்ட மூணு மாசம்.

கார்னெட்டுக்கு அவன் பணம் கட்டலை. அவங்க அப்பா கட்டினார். அவரை நான் சின்ன வயசுலேருந்து பாய்னுதான் கூப்பிடுவேன். தங்கச்சி கல்யாணத்துக்குன்னு போட்டு வெச்சிருந்த 12 லட்சம் எஃப்.டி.யை வெச்சுத்தான் பேங்க் கேரன்டி கொடுத்தார். "மக்காவுக்குப் போறான், வேண்டாம்னு எப்படிப்பா சொல்றது?"ன்னார்.

ஒரு நாள் ராத்திரி 11 மணிக்கு துபாய்லேருந்து போன். "மச்சி, வண்டிக்கு ஒரு பார்ட்டி கிடைச்சிருக்கு. 35,000 திர்ஹாம். கையில ரொக்கம். அல் ஐன் பக்கம் அவருக்கு ஒரு மஸ்ரா இருக்கு."

மஸ்ரான்னா தோட்டம், பண்ணை. வளைகுடா போனவங்களுக்குத் தெரியும்.

"தோட்டத்துக்குள்ளதான் ஓட்டப் போறாராம். ரோட்டுக்கே வராதாம். ரெஜிஸ்ட்ரேஷனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்ங்கறார். நாளைக்குச் சாவியைக் கொடுத்தா நாளைக்கே பணம். நான் ஃப்ளைட்ல வந்துடறேன். என்னடா சொல்றே?"

35,000 திர்ஹாம்னா அன்னிக்கு ரேட்டுக்கு 8 லட்சம் ரூபாய்கிட்ட. வண்டியைத் திரும்பக் கொண்டு வர அவனுக்குச் சொல்லியிருந்த கொட்டேஷன், துறைமுகச் செலவெல்லாம் சேர்த்து 1,75,000. மூணு மாசம் வெளியில இருந்தவன். கையிருப்பு கரைஞ்சு போயிருந்தது. அந்தப் பக்கம் 8 லட்சம் வருது, இந்தப் பக்கம் ஒண்ணே முக்கால் லட்சம் போகுது. அந்த ராத்திரியில யாருக்கு எது பெரிசாத் தெரியும், நீங்களே சொல்லுங்க.

நான் ஒண்ணு மட்டும் கேட்டேன். "வண்டி ஸ்டீரிங் எந்தப் பக்கம்டா?"

ஸ்டீரிங் எந்தப் பக்கம்?

ஐக்கிய அரபு அமீரகத்துல வண்டி ரோட்டோட வலது பக்கம் ஓடுது. ஸ்டீரிங் இடது பக்கம் இருக்கணும். நம்ம வண்டிக்கு வலது பக்கம். டூரிஸ்ட்டா கார்னெட்டோட வந்து ஓட்டிட்டுப் போகலாம். ஆனா அந்த ஊர் வண்டியா ரெஜிஸ்டர் பண்ண முடியாது.

இதைச் சொன்னதும் அவன் இன்னொரு வாதம் வெச்சான். அது சரியான வாதமும்கூட. "மச்சி, இங்க சுங்க வரி 5 பர்சென்ட். வாட் ஒரு 5 பர்சென்ட். பிரச்சினை வந்தா அதைக் கட்டிட்டாப் போச்சு. 8 லட்சத்துக்கு எவ்வளவு ஆகிடப் போகுது?"

வளைகுடா நாடுகள் 2003-லேருந்து ஒரே சுங்க வரி வெச்சிருக்காங்க, பொதுவா 5 சதவீதம். 2018-லேருந்து அமீரகத்துல 5 சதவீத வாட். அவன் சொன்ன எண் சரிதான். ஆனா வரிங்கறது இறக்குமதி பண்ணித் தெருவுல ஓட்டக்கூடிய பொருளுக்குக் கட்டறது. அங்க ரெஜிஸ்டரே ஆகாத வண்டியை, டூரிஸ்ட் வண்டின்னு சொல்லி உள்ளே கொண்டு வந்து, சத்தமில்லாம கைமாத்தி விட்டா அதுக்குப் பேர் வரி பாக்கி இல்ல. கடத்தல். அபராதம் எவ்வளவுன்னு நாம உட்கார்ந்து கணக்குப் போட முடியாது.

அதைவிட முக்கியமானது இங்க ஊர்ல இருக்கு. வெளியே போன சீல் இல்லாத புத்தகத்தை மும்பையில கொண்டு போய்க் கொடுத்தா, சங்கம் கேரன்டியை விடுவிக்காது. விடுவிக்க முடியாது. ஏன்னா அந்த நாட்டுச் சுங்கத்துறைக்கு அவங்கதான் வாக்குக் கொடுத்திருக்காங்க. எவ்வளவு கேட்டு எப்போ நோட்டீஸ் வரும்னு அவங்களுக்கும் தெரியாது.

இதுல காலம் ஒண்ணு இருக்கு, கவனிங்க. 1954 ஒப்பந்தத்தின்படி, கார்னெட் காலாவதி ஆன நாள்லேருந்து ஒரு வருஷம் வரைக்கும் அந்த நாடு சங்கத்துக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். அதனாலதான், "நான் வித்துட்டு வந்தேன் ப்ரோ, ஆறு மாசம் ஆச்சு, ஒண்ணும் ஆகலை"ன்னு ஒருத்தர் ரீல்ஸ்ல சொன்னா நம்பிடாதீங்க. அவருக்கு இன்னும் கடிதம் வரலை. அவ்வளவுதான்.

ஓட்டப்போறது யார்?

பணக் கணக்கை ஓரமா வெச்சுட்டு அவன்கிட்ட இன்னொண்ணும் கேட்டேன். "அந்த மஸ்ராவுல வண்டியை யார் ஓட்டுவா?"

முதலாளி ஓட்டப் போறதில்ல. அங்க வேலை செய்யற ஆள்தான் ஓட்டுவார். பாகிஸ்தான்காரரா இருக்கலாம், பங்களாதேஷ்காரரா இருக்கலாம். நம்ம குடியாத்தம்காரராவே இருக்கலாம். தோட்டத்துக்குள்ள மட்டும்தான்னு சொல்லித்தான் வாங்குவாங்க. ஒரு நாள் தண்ணி மோட்டார் ரிப்பேர் ஆகும், "கடைக்குப் போய் சாமான் வாங்கிட்டு வா"ன்னு சொல்லுவாங்க. நம்பர் பிளேட் டி.என். 23, இன்சூரன்ஸ் கிடையாது, நாட்டுல அந்த வண்டிக்குக் கணக்கே கிடையாது. போலீஸ் நிறுத்தினா ஸ்டீரிங்ல உட்கார்ந்திருக்கிறவர் அந்த ஆள். வேலையும் விசாவும் போறது அவருக்கு. யாரையாவது இடிச்சுட்டா, ஆர்.சி.யில இருக்கிற பேர் என் ஃப்ரெண்டோடது.

திருட்டு விற்பனையை நாம எப்பவும் எனக்கும் சுங்கத்துறைக்கும் நடுவுல நடக்கிற விளையாட்டா நினைக்கிறோம். மாட்டினா நஷ்டம், மாட்டாட்டி லாபம். ஆனா இதுல மாட்டறது பெரும்பாலும் நாம இல்ல. ஒரு பக்கம் ஜாமீன் போட்ட அப்பா. இன்னொரு பக்கம் வண்டி ஓட்டற கூலிக்காரர். நாம நடுவுல பணத்தை வாங்கிக்கிட்டு ஃப்ளைட் ஏறிடறோம்.

அவன் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "சரி, முறையா விக்க வழியே இல்லையா?"ன்னு கேட்டான்.

முறையான வழிகள்

இருக்கு. கார்னெட் வண்டிக்குக் கதை முடியறது சில வழிகள்லதான்.

ஒண்ணு, திரும்ப ஊருக்குக் கொண்டு வர்றது. வெளியே போன சீல், இந்தியாவுக்குள்ள வந்த சீல். புத்தகம் மூடிடும்.

ரெண்டு, அந்த நாட்டுலயே முறைப்படி இறக்குமதி பண்றது. அந்த நாடு அனுமதிச்சா, அங்க இருக்கிற கிளியரிங் ஏஜென்ட் மூலமா வரியைக் கட்டி, வண்டி இறக்குமதி ஆயிடுச்சுன்னு கார்னெட்டிலயே சுங்கத்துறை எழுதிக் கொடுக்கணும். அதுக்கு அப்புறம்தான் விற்பனை. முதல்ல வித்துட்டு அப்புறம் வரி கட்டிக்கலாம்னு வரிசையை மாத்தக் கூடாது. சங்கத்துக்கிட்டயும் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கணும்.

மூணு, அந்த வண்டி ஓடக்கூடிய வேற நாட்டுக்கு அனுப்பறது. துபாய்ல டூகாம்ஸ்னு பழைய கார்களுக்கே ஒரு தனி வர்த்தக மண்டலம் இருக்கு. ஜப்பான்லேருந்து வலது பக்க ஸ்டீரிங் கார்கள் வந்து இறங்கி, அங்கேருந்து ஆப்பிரிக்காவுக்கும் மத்த நாடுகளுக்கும் போகும். என் ஃப்ரெண்டு அங்கேயும் போய் விசாரிச்சான். ஜப்பான் வண்டிக்கு இருக்கிற மவுசு நம்ம ஜீப்புக்கு இல்ல. சொன்ன விலையைக் கேட்டுட்டு டீ குடிச்சுட்டுத் திரும்பி வந்துட்டான்.

நாலு, வண்டி விபத்துல நொறுங்கிப் போச்சுன்னா, வரி கட்டலாம், இல்லைன்னா அரசாங்கத்துக்கிட்டயே விட்டுக் கொடுக்கலாம், இல்லைன்னா அதிகாரி முன்னாடி அழிக்கலாம். எதுன்னாலும் எழுத்துல சான்று வாங்கணும். பாலைவனத்துல விட்டுட்டு வந்தேன்னு சொன்னா எடுபடாது.

அவன் வண்டி ஊருக்கே திரும்பிடுச்சு. ஜெபல் அலியில வெளியே போன சீல், நவ சேவாவுல உள்ளே வந்த சீல். அங்கேருந்து வீடு வரைக்கும் பெரும்பாலும் ஒரே ரோடு. என்.எச். 48. மும்பையிலேருந்து பெங்களூர், கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர்னு வீட்டு வாசல் வரை வந்து சேரும். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான். கொஞ்ச நாள் கழிச்சு பேங்க் கேரன்டி விடுபட்டது. பாயோட எஃப்.டி. பாய்கிட்டயே.

அப்புறம் என்ன பண்ணினான் தெரியுமா? வண்டியை வித்துட்டான். வாணியம்பாடியில ஒருத்தருக்கு, 9,25,000-க்கு. ஃபார்ம் 29, ஃபார்ம் 30, ஆர்.டி.ஓ. ஆபீஸ், வேலை முடிஞ்சது. மக்கா வரைக்கும் போய்வந்த வண்டின்னு வாங்கினவர் பேரமே பெரிசா பேசலை.

இப்போ கணக்குப் பாருங்க. 9,25,000-ல திரும்பக் கொண்டு வந்த செலவு 1,75,000-ஐக் கழிச்சா 7,50,000. மஸ்ராக்காரர் கொடுக்கறேன்னு சொன்னது 8 லட்சம். வித்தியாசம் 50,000. அந்த 50,000-க்காகத்தான் 12 லட்சமும் ஒரு கல்யாணமும் ஊர் பேர் தெரியாத ஒரு டிரைவரோட விசாவும் அன்னிக்கு ராத்திரி பணயத்துல இருந்தது. ரொக்கம் கண்ணு முன்னாடி இருக்கும்போது இந்தக் கழித்தல் கணக்கை யாரும் போடறதில்ல.

அந்த ஊர் வண்டின்னா கதை வேற

இதைக் கேட்டுட்டு, "என் ஃப்ரெண்டு ஆஸ்திரேலியாவுல வேன் வாங்கி ஆறு மாசம் ஓட்டிட்டு வித்துட்டு வந்தானே?"ன்னு கேட்பீங்க. வித்திருப்பார். தப்பே இல்ல. அது அந்த ஊர்லயே வாங்கின, அந்த ஊர் நம்பர் போட்ட வண்டி. அதுக்கு வரி எப்பவோ கட்டியாச்சு. பேர் மாத்தினாப் போதும்.

நம்ம நாட்டுலயும் இது உண்டு. டெல்லி கரோல் பாக்ல ராயல் என்ஃபீல்டு வாங்கி, லடாக், ராஜஸ்தான்னு ஓட்டிட்டு, கிளம்பறதுக்கு முன்னாடி வித்துட்டுப் போற வெளிநாட்டுக்காரங்க நிறையப் பேர். அந்த புல்லட் நம்ம திருவொற்றியூர்லயோ ஒரகடத்துலயோ தயாரானதா இருக்கும். அதுல சுங்கத்துக்கு வேலையே இல்ல. ஆர்.சி. மாறுதான்னு பார்த்தாப் போதும்.

ஆனா நம்பர் பிளேட் ஜெர்மனியோ இங்கிலாந்தோன்னு இருந்தா நிமிர்ந்து உட்காருங்க. கோவாவுலயோ புதுச்சேரியிலயோ ஒரு வெளிநாட்டுக்காரர், "எனக்கு அவசரமா ஊருக்குப் போகணும், இந்த பைக்கைப் பாதி விலைக்கு எடுத்துக்கோ"ன்னு சொன்னா, இந்தக் கதையில மஸ்ராக்காரர் இடத்துல நிக்கிறது நீங்க. அவர் கார்னெட்ல ஆறு மாசத்துக்குக் கொண்டு வந்த வண்டி அது. இந்தியாவுல பழைய வண்டியை முறையா இறக்குமதி பண்ணணும்னா விதிகள் கடுமை, வரி வண்டி விலையையே தாண்டிடும். எந்த நிபந்தனையில வரி விலக்குக் கிடைச்சுதோ அதை மீறினா அந்தப் பொருளைப் பறிமுதல் பண்ணலாம்னு சுங்கச் சட்டம் 1962, பிரிவு 111 சொல்லுது. பறிமுதல் பொருளுக்குத்தான். அது இப்போ யார் வீட்டு வாசல்ல நிக்குதோ, அங்கேருந்து எடுத்துட்டுப் போவாங்க. உங்களுக்கு வித்தவர் அப்போ பெர்லின்ல இருப்பார்.

கிளம்பறதுக்கு முன்னாடி

வண்டியோட வெளிநாடு போறதை நான் தடுக்கலை. போங்க. என்கிட்ட வர்ற பசங்களுக்கு நான் சொல்றது ரூட் மேப்ல முதல்ல கடைசி ஊரைக் குறிங்கன்னுதான். அந்த ஊர்ல வண்டிக்கு என்ன ஆகப்போகுதுங்கறது தெரிஞ்சாத்தான் மொத்த பட்ஜெட்டும் தெரியும். திரும்பக் கொண்டு வர்ற கப்பல் செலவைத் தனியா ஒரு கணக்குல போட்டுடுங்க. பயணத்துல பணம் தீர்ந்தாலும் அதைத் தொடாதீங்க. என் ஃப்ரெண்டுக்கு அந்த ராத்திரி ஆசை வந்ததுக்குக் காரணம் பேராசை இல்ல. பை காலியா இருந்தது, அவ்வளவுதான்.

கடைசி நாட்டுல விக்கறதுதான் திட்டம்னா, மூணு கேள்விக்குப் பதில் கையில இருக்கணும். அந்த நாட்டுல நம்ம பக்க ஸ்டீரிங் ரெஜிஸ்டர் ஆகுமா? இந்த வயசு வண்டியை உள்ளே விடுவாங்களா? வரி கட்டின பிறகும் விலை கட்டுமா? மூணுக்கும் ஆமான்னு வந்தா தாராளமா வித்துட்டு வாங்க. ஒண்ணு இல்லைன்னு வந்தாலும் கப்பல்தான்.

ஒவ்வொரு எல்லையிலயும் சீல் விழுந்ததான்னு நகர்றதுக்கு முன்னாடி புரட்டிப் பாருங்க. கூட்டத்துல அதிகாரி மறந்துடலாம். அப்படி ஒரு சீல் விட்டுப் போச்சுன்னா பதறாதீங்க. கார்னெட்டுக்குள்ளேயே வண்டி இருக்கிற இடத்துக்கான சான்று ஒரு படிவமா இருக்கு. ஊருக்கு வந்து சுங்கத்துறை அதிகாரி வண்டியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா, வண்டி வெளிநாட்டுல இல்ல, இங்கதான் இருக்குன்னு நிரூபிக்க அது உதவும். ஆனா அதுக்கு வண்டி உங்ககிட்ட இருக்கணும். வித்துட்டு வந்தவரால எந்த வண்டியைக் காட்ட முடியும்?

எங்க ஊர்ல பெரியவங்க தோல் வியாபாரத்துல ஒண்ணு சொல்லுவாங்க. சரக்கு போய்ச் சேர்ந்துச்சுங்கறது பேச்சு, பேப்பர் வந்து சேர்ந்துச்சுங்கறதுதான் வியாபாரம். வண்டிக்கும் அதுவேதான்.

கேள்வி இருந்தா அனுப்புங்க. எந்த நாடு, எந்த வண்டி, ஸ்டீரிங் எந்தப் பக்கம்னு மறக்காம எழுதுங்க.